சாவியைச் சீட்டில் உட்கார்ந்தே திருப்புங்கள்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் டிராக்டரும் டிப்பரும் குட்டியானையும் ஓட்டும் அண்ணன் தம்பிகளுக்கும், அந்த வண்டிகளின் உரிமையாளர்களுக்கும் வணக்கம்.

புரட்டாசி மழை இறங்கிக் கரிசல் பதமாகிவிட்டால் வேப்பந்தட்டையிலிருந்து குன்னம் வரைக்கும் எல்லோருக்கும் ஒரே நாளில் டிராக்டர் வேண்டும். மக்காச்சோளம் போடுகிறவரும் பருத்தி போடுகிறவரும் அந்த ஈரம் காய்வதற்குள் விதைத்தாக வேண்டும். கோடை முழுக்க வேப்பமரத்தடியில் நின்ற வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்புகிறீர்கள். ‘டக்’ என்று ஒரு சத்தம் வருகிறது. அவ்வளவுதான். காட்டுக்காரர் போனில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். அப்போது அடுத்த சில நிமிடங்களில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

டிராக்டருக்கு மட்டுமல்ல. அரவைப் பருவத்தில் எறையூர் சர்க்கரை ஆலை வாசலில் கரும்பு வண்டிகள் வரிசையில் நிற்கின்றன. தளவாய், கோவிந்தபுரம், ரெட்டிப்பாளையம் சிமென்ட் ஆலைகளின் பக்கம் லாரிகள் லோடுக்குக் காத்துக் கிடக்கின்றன. இன்ஜினை நிறுத்திவிட்டுப் பாட்டு, ஃபேன், கேபின் லைட், போன் சார்ஜர் எல்லாம் ராத்திரி முழுக்க ஓடும். விடியும்போது பேட்டரி இறங்கியிருக்கும். நம் ஊர் வெயில் வேறு. வெயில் ஏற ஏறப் பேட்டரி சும்மா நின்றாலும் வேகமாக இறங்கும். உள்ளே தகடும் சீக்கிரம் அரித்துப் போகும். குளிர் நாட்டுக்காரர்களுக்குப் பேட்டரி பனியில் காலை வாரும். நமக்குச் சித்திரை வெயிலில் சாகிற பேட்டரி ஐப்பசி மழையில்தான் தன் சாவைச் சொல்லும்.

பேட்டரியும் ஒயரிங்கும் பார்ப்பது என் தொழில். அந்த உரிமையில் முதலில் டிராக்டர் ஓட்டும் தம்பிகளிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் டூல் பாக்ஸில் கிடக்கும் பெரிய ஸ்க்ரூடிரைவரை வெளியே எடுத்துப் பாருங்கள். பல வண்டிகளில் அதன் நுனி கருகியிருக்கும். ஓரம் பல் பல்லாக அரித்திருக்கும். திருகு முடுக்கி அப்படி ஆகாது. ஸ்டார்ட்டர் மோட்டாரின் மேல் இருக்கும் சோலனாய்டின் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கும் குறுக்கே அதை வைத்து இன்ஜினை எடுத்ததில் வந்த தழும்பு அது. நூற்றுக்கணக்கான ஆம்பியர் கரண்ட் அந்த இடத்தில் பாய்ந்து, ஒவ்வொரு முறையும் இரும்பைக் கொஞ்சம் உருக்கிக்கொண்டு போயிருக்கிறது.

சாவியில் எடுக்காத வண்டி இப்படி எடுத்துவிடுகிறது என்பது உண்மைதான். ஏன் எடுக்கிறது என்று யோசித்தால்தான் ஆபத்து புரியும். சாவியிலிருந்து கிளம்பும் கரண்ட் நேராக ஸ்டார்ட்டருக்குப் போவதில்லை. கியர் பெட்டியிலோ கிளட்ச் பெடலுக்குக் கீழேயோ ஒரு சின்ன ஸ்விட்சைத் தாண்டிப் போகிறது. வண்டி கியரில் இருந்தாலோ கிளட்ச் மிதிக்காமல் இருந்தாலோ அந்த ஸ்விட்ச் வழியை அடைத்துவிடும். ஸ்க்ரூடிரைவர் வைத்தால் அந்தக் காவல் முழுக்கத் தாண்டப்பட்டுவிடுகிறது. கியரில் இருந்தாலும் செல்ஃப் எடுக்கும், டீசல் பற்றும், வண்டி நகரும்.

அந்த நேரத்தில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்? முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில், இன்ஜினைப் பார்த்துக் குனிந்துகொண்டு. பின் சக்கரம் உங்கள் மார்பு உயரம். அது உருண்டு வரும்போது விலகுவதற்கு இடமில்லை. ஏறிப் பிரேக் பிடிக்க நேரமும் இல்லை.

“நியூட்ரலில்தான் போட்டிருந்தேன்” என்று எல்லோரும் சொல்வார்கள். நம் பக்கத்தில் ஹேண்ட் பிரேக் சரியாகப் பிடிக்கும் பழைய டிராக்டர்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். மேட்டில் நிறுத்தினால் உருளாமல் இருக்கக் கியரில் போட்டுவிட்டு இறங்குவது பழக்கம். ராத்திரி ஒருவர் நிறுத்துகிறார், காலையில் இன்னொருவர் எடுக்கிறார். டிராக்டரில் ஏறி விளையாடும் பிள்ளைகள் கியர் கம்பியை இழுத்துவிடுகிறார்கள். கீழே நின்று பார்த்தால் கியர் விழுந்திருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரியாது. சீட்டில் உட்கார்ந்து கம்பியை ஆட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

டிராக்டர் கம்பெனிக்காரர்கள் ஸ்டார்ட்டர் பக்கத்திலேயே எச்சரிக்கைப் படம் ஒட்டி அனுப்புகிறார்கள். பல வண்டிகளில் ஆயிலும் மண்ணும் படிந்து அது மறைந்து கிடக்கிறது. துணியால் துடைத்தால் தெரியும். அமெரிக்காவில் பண்ணை விபத்துகளை ஆராய்கிறவர்கள் இப்படி நேரும் சாவுகளைத் தனி வகையாகவே பிரித்து, பல ஆண்டுகளாக எச்சரித்து வருகிறார்கள். அங்கேயும் விவசாயிகள் செய்த அதே வேலைதான், அதே ஸ்க்ரூடிரைவர்தான்.

செல்ஃப் என்ற இந்தப் பொருள் வந்ததற்கே காரணம் வண்டியை எடுக்கிறவன் உடம்பைக் காப்பாற்றுவதுதான். முன்பெல்லாம் வண்டிக்கு முன்னால் நின்று ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டும். இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைத்தால் மணிக்கட்டு ஒடியும், தாடை உடையும். சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கர் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டு கேடில்லாக் காரில் வந்தது. அதன்பிறகு வண்டிக்கு முன்னால் நின்ற மனிதன் சீட்டுக்குப் போனான். ஸ்க்ரூடிரைவர் அவனைத் திரும்பவும் கீழே இறக்கிச் சக்கரத்துக்கு முன்னால் நிறுத்துகிறது. வேறு எதை மறந்தாலும் இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். எந்த அவசரத்திலும் இன்ஜினைத் தரையில் நின்று எடுக்காதீர்கள்.

அப்படியானால் எடுக்காத வண்டியை என்னதான் செய்வது? முதலில் ஹெட்லைட்டைப் போட்டுப் பாருங்கள். விளக்கு மங்கலாக எரிந்து, சாவியைத் திருப்பும்போது சுத்தமாக அணைந்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. விளக்கு பளிச்சென்று எரிந்தும் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் குறை ஸ்விட்சிலோ சோலனாய்டிலோ ஒயரிலோ இருக்கும். அதற்கு இன்னொரு வண்டியிலிருந்து கேபிள் கொடுத்துப் பயனில்லை. ‘பேட்டரி போச்சு’ என்று என்னிடம் வரும் வண்டிகளில் பலவற்றுக்கு டெர்மினலைச் சுத்தம் செய்தாலே போதுமாக இருக்கிறது. பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும் அந்தப் பொடிக்கு நடுவில் கரண்ட் எப்படிப் போகும்? சாவியை எடுத்துவிட்டு மைனஸை முதலில் கழற்றுங்கள், பிறகு பிளஸ். சமையல் சோடா கரைத்த வெந்நீர் ஊற்றிப் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்து, பிளஸை முதலில் மாட்டி மைனஸைக் கடைசியில் முடுக்குங்கள். மேலே கொஞ்சம் வாசலின் தடவலாம்.

கையில் செம்புக் காப்போ வெள்ளிக் காப்போ இருந்தால் பேட்டரியில் கை வைப்பதற்கு முன் கழற்றிவிடுங்கள். பிளஸ் முனைக்கும் பாடிக்கும் நடுவில் காப்பு மாட்டினால் கண்ணிமைக்கும் நேரத்தில் பழுத்துவிடும். மணிக்கட்டைச் சுற்றி வளையமாகச் சுட்ட தழும்பு ஆயுசுக்கும் நிற்கும். கழுத்துச் செயின் தொங்கக் குனிவதும் அப்படித்தான்.

டெர்மினல் சரியாக இருந்தும் எடுக்காவிட்டால் கேபிள் போடலாம். போடுவதற்கு முன் பேட்டரியை நன்றாகப் பாருங்கள். வெடிப்பு விட்டிருந்தாலோ, பக்கம் உப்பியிருந்தாலோ, ஆசிட் கசிந்திருந்தாலோ, உள்ளே தகடு தெரிகிற அளவுக்குத் தண்ணீர் வற்றியிருந்தாலோ அதற்குக் கேபிள் கொடுக்காதீர்கள். மூடிய பேட்டரியாக இருந்தால் மேலே உள்ள கண்ணைப் பாருங்கள். பச்சை போய் வெளிறித் தெரிந்தால் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். அந்தப் பேட்டரியை மாற்றத்தான் வேண்டும்.

கேபிளைப் பற்றி ஒரு வார்த்தை. ரோட்டோரம் விற்கும் மலிவான கேபிள் பார்க்கத் தடியாக இருக்கும். ரப்பரை உரித்தால் உள்ளே நூலாக நாலு இழை அலுமினியம். செல்ஃப் இழுக்கும் கரண்டை அது தாங்காது. வண்டியும் எடுக்காது, கேபிளும் உருகும். செம்புக் கம்பி வேண்டும். கார், குட்டியானைக்கு 25 சதுர மில்லிமீட்டர், டிராக்டருக்கும் பெரிய டீசலுக்கும் 35 சதுர மில்லிமீட்டர் என்று கேட்டு வாங்குங்கள். வெல்டிங் கேபிளில் நல்ல கிளிப் போட்டுச் செய்தும் கொள்ளலாம்.

இனி போடும் முறை. இரண்டு வண்டியும் ஒன்றையொன்று தொடக்கூடாது. இரண்டிலும் நியூட்ரல், இரண்டிலும் ஹேண்ட் பிரேக். ஹேண்ட் பிரேக் பிடிக்காத வண்டிக்குக் கல் கொடுங்கள். விளக்கு, பாட்டு எல்லாம் அணைந்திருக்க வேண்டும். சிவப்புக் கிளிப்பை முதலில் இறங்கிய பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டுங்கள். அதன் மறுமுனையை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸில். இப்போது கையில் ஒரே ஒரு கறுப்புக் கிளிப் மிச்சம் இருக்கிறது. உங்களிடம் நான் மன்றாடிக் கேட்பது இந்தக் கிளிப்பைப் பற்றித்தான். இதை இறங்கிய பேட்டரியின் மைனஸில் மாட்டாதீர்கள். பேட்டரியிலிருந்து ஒரு முழமாவது தள்ளி, அந்த வண்டியின் இன்ஜின் பிளாக்கில், பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டிலோ பிராக்கெட்டிலோ மாட்டுங்கள். டீசல் பைப் பக்கம் வேண்டாம், ஃபேனும் பெல்ட்டும் ஓடுகிற இடமும் வேண்டாம்.

காரணம் இதுதான். பேட்டரிக்குள் இருப்பது கந்தக அமிலமும் தண்ணீரும். சார்ஜ் ஏறும்போது அந்தத் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் குமிழ் குமிழாக வெளியே வரும். காற்றில் 100க்கு 4 பங்கு ஹைட்ரஜன் கலந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. திறந்த வெளியில் மேலே போய்க் கலைந்துவிடும். ஆனால் பானெட்டுக்குள்ளும் சீட்டுக்கு அடியிலும் மூடிய பேட்டரிப் பெட்டிக்குள்ளும் தங்கும். நாலாவது கிளிப் தொடும் கணத்தில்தான் சுற்று முழுமையாகிறது. அந்தத் தொடலில் நீலமாக ஒரு பொறி பறந்தே தீரும். அதைத் தடுக்க யாராலும் முடியாது. அது எந்த இடத்தில் பறக்க வேண்டும் என்பது மட்டும் உங்கள் கையில் இருக்கிறது. பேட்டரியின் வாயில் பறந்தால் மேல்மூடி சிதறி ஆசிட் நேராக முகத்துக்கு வரும். ஏனென்றால் அந்த நேரத்தில் எல்லோரும் கிளிப் நன்றாகப் பிடித்ததா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். வாயில் பீடி, வெளிச்சத்துக்குத் தீக்குச்சி எல்லாம் இங்கே வேண்டவே வேண்டாம். போன் டார்ச் எல்லோரிடமும் இருக்கிறது. கண்ணுக்குச் சாதாரணக் கண்ணாடியாவது போட்டுக்கொண்டு, கிளிப் மாட்டும்போது முகத்தை ஒதுக்கி வையுங்கள்.

பிறகு நல்ல வண்டியை எடுத்துக் கொஞ்சம் ரேஸ் கொடுத்து ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் இறங்கிய பேட்டரிக்கும் கொஞ்சம் உயிர் வரும். அதன்பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கியரை ஆட்டிப் பார்த்து, கிளட்சை மிதித்துச் சாவியைத் திருப்புங்கள். பத்து விநாடிக்கு மேல் செல்ஃபைப் பிடிக்காதீர்கள். எடுக்காவிட்டால் ஒரு நிமிடம் விட்டுப் பாருங்கள். எடுத்ததும், மாட்டியதற்கு எதிர் வரிசையில் கழற்றுங்கள். இன்ஜின் பிளாக்கில் இருக்கும் கறுப்பு முதலில். கழற்றிய கிளிப்புகள் ஒன்றோடொன்று உரசக்கூடாது. புதிய வண்டிகளில், குறிப்பாக 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 வண்டிகளில், கம்ப்யூட்டர் பெட்டி நிறைய. அவற்றில் கேபிள் கழற்றுவதற்கு முன் ஹெட்லைட்டையோ புளோயரையோ ஓடவிட்டால் திடீரென்று ஏறும் வோல்டேஜ் அதில் கொஞ்சம் அடங்கும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி ‘டைனமோ வேலை செய்கிறதா’ என்று பார்க்கும் பழைய வழக்கத்தை இந்த வண்டிகளில் அறவே விட்டுவிடுங்கள்.

லாரி, டிப்பர் ஓட்டும் அண்ணன்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் வண்டியில் 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். ஓடும்போது டைனமோ 28 வோல்ட் பக்கம் கொடுக்கும். டிராக்டரும் காரும் குட்டியானையும் 12 வோல்ட். பாதிவழியில் நிற்கும் காரைப் பார்த்து மனசு கேட்காமல் லாரியிலிருந்து கேபிள் கொடுக்கிறீர்கள். நல்ல மனசுதான், ஆனால் கார் பேட்டரி கொதித்துப் போகும், கம்ப்யூட்டர் கருகும். “ரெண்டுல ஒரு பேட்டரியில இருந்து மட்டும் கொடுத்தா 12தானே அண்ணே” என்று கேட்பார்கள். அந்த இரண்டில் ஒன்றின் மைனஸ் பாடியோடு சேர்ந்திருக்கும், இன்னொன்றின் மைனஸ் சேர்ந்திருக்காது. மாற்றி எடுத்துவிட்டு இரண்டு வண்டியின் இரும்பும் எங்கேயாவது தொட்டுக்கொண்டால், ஒரு முழுப் பேட்டரி நேராக ஷார்ட் ஆகும். இருட்டில், லாரிக்கு அடியில், எது எது என்று பார்த்துச் செய்யும் வேலை அல்ல அது. 12க்கு 12, 24க்கு 24 மட்டும் கொடுங்கள். 24 வோல்ட் வண்டிக்குக் கொடுக்கும்போது இரண்டு பேட்டரிக்கும் நடுவில் இருக்கும் இணைப்பில் கிளிப் படாமல், வெளி முனைகளில்தான் சிவப்பும் கறுப்பும் வர வேண்டும்.

திருச்சி – சென்னை நான்குவழிச் சாலையில் பாடாலூர், சிறுவாச்சூர் பக்கம் நின்றுவிட்டால் ரோட்டுப் பக்கம் நின்று கேபிள் போடாதீர்கள். வண்டியை முடிந்தவரை ஓரம் கட்டி, முக்கோணத்தைப் பின்னால் தூரத்தில் வைத்து, நெடுஞ்சாலை உதவி எண் 1033க்குப் போன் செய்யுங்கள்.

தள்ளி எடுப்பதையும் மேட்டிலிருந்து உருட்டி எடுப்பதையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இன்ஜின் ஓடாத வண்டியில் ஸ்டீயரிங் கனக்கும், காரில் பிரேக்கும் இறுகிவிடும். அறுவடை நாளில் டிரெய்லர் நிழலில் ஆட்கள் படுத்திருப்பார்கள். சத்தம் போடாமல் உருளும் வண்டி அவர்களுக்குத் தெரியாது. கேபிள் கிடைக்கிற இடத்தில் இது வேண்டாம்.

பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவதில் நம் ஊருக்கென்று ஒரு கேடு உண்டு. அரியலூர் மண் ஒரு காலத்தில் கடலுக்கடியில் இருந்தது. அதனால்தான் இங்கே சுண்ணாம்புக்கல், அதனால்தான் இத்தனை சிமென்ட் ஆலை. அதே சுண்ணாம்பு நம் போர் தண்ணீரிலும் கரைந்து வருகிறது. வீட்டுப் பானையின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். போர் தண்ணீரில் இருக்கும் உப்பு பேட்டரித் தகட்டைக் கெடுத்துவிடும். கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள், தகடு மூழ்கும் அளவுக்கு மட்டும். ஆசிட் சேர்த்தால் சக்தி கூடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

கண்ணில் ஆசிட் பட்டுவிட்டால் முதல் வைத்தியம் தண்ணீர். கேபினில் இருக்கும் குடிதண்ணீர் கேனைக் கவிழ்த்து, இமையை விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டு, குறைந்தது 15 முதல் 20 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். தேய்க்கக் கூடாது. தாய்ப்பால், விளக்கெண்ணெய், சோடா எதையும் கண்ணில் விடக்கூடாது. கழுவிக்கொண்டே ஒருவர் 108க்குப் போன் செய்யட்டும். பெரம்பலூரில் மாவட்டத் தலைமை மருத்துவமனையும் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன. எரிச்சல் குறைந்துவிட்டது என்று வேலைக்குத் திரும்பிவிடாதீர்கள். டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

வண்டி எடுத்துவிட்டதும் விஷயம் முடிந்துவிடவில்லை. எடுத்த கையோடு மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது 12 வோல்ட் வண்டியில் 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். 12.5க்குக் கீழேயே நின்றால் டைனமோவோ பெல்ட்டோ வேலை செய்யவில்லை. காட்டுக்குப் போய் நிறுத்தினால் திரும்ப எடுக்காது. முழுக்க இறங்கிய பேட்டரியை அரை மணி ஓட்டத்தில் டைனமோ நிரப்பிவிடாது. ராத்திரி கழற்றிக் கடையில் சார்ஜுக்குப் போடுங்கள். மறுநாள், வண்டி நின்று சில மணி நேரம் ஆனபின் 12.6 காட்டினால் பேட்டரி நன்றாக இருக்கிறது. 12க்குக் கீழே வந்துவிட்டால் அதன் காலம் முடிகிறது.

கடைசியாக உரிமையாளர்களிடம். நியூட்ரல் ஸ்விட்ச் கெட்டுப்போன வண்டியை ‘ஸ்க்ரூடிரைவர் வச்சு எடுத்துக்கோ’ என்று சம்பளத்துக்கு ஓட்டும் பையனிடம் கொடுக்காதீர்கள். அவன் உங்களிடம் முடியாது என்று சொல்ல மாட்டான். சொன்னால் நாளைக்கு வேலை இருக்காது என்று நினைப்பான். அந்த ஸ்விட்சை மாற்ற ஆகும் செலவு டிராக்டருக்கு ஒரு நாள் டீசல் போடும் செலவைவிடக் குறைவு. ஒயரை நேராக இணைத்து ஸ்விட்சைத் தூக்கிவிடும் எலக்ட்ரீஷியனிடம் வண்டியை விடாதீர்கள். என் தொழில்காரர்களுக்கும் இதையே சொல்கிறேன், அந்த வேலைக்குக் கூலி வாங்காதீர்கள்.

மழை இறங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். வண்டிக்கு முன்னும் பின்னும் ஆளில்லாத வெளியில் நிறுத்திச் சீட்டில் உட்காருங்கள். கிளட்சையும் பிரேக்கையும் முழுதாக மிதித்துக்கொண்டு கியரில் போட்டுச் சாவியைத் திருப்புங்கள். கியர் பெட்டியில் ஸ்விட்ச் உள்ள வண்டி செல்ஃப் எடுக்கக் கூடாது. கிளட்ச்சில் ஸ்விட்ச் உள்ள வண்டி என்றால் நியூட்ரலில் வைத்து, கிளட்சை மிதிக்காமல் திருப்புங்கள். அப்போதும் எடுக்கக் கூடாது. எடுத்தால் அன்றைக்கே சரிசெய்துவிட்டு, அதன்பிறகு ஏர் மாட்டுங்கள்.

அன்புடன்,
பெரம்பலூரிலிருந்து ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன்